மதருக்கும் என் வணக்கம்

பெருந்துறை
21 ஆகஸ்ட் 2023

இயேசுவுக்கே புகழ்.

என் கரோலின் அக்காவுக்கு அமலி எழுதுவது. நானும் வின்ஸ்டனும் சாராவும் இருக்கிறோம். 'நலம்' என்று எழுதக் கை வரவில்லை, காரணம் கீழே சொல்கிறேன். மலைமேல் குளிர் எப்படி? உன் முட்டி வலி தேவலையா? உறையில் உன் மடத்துப் பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே நீ எனக்குக் கரோலின் அக்காதான். இதை முதலில் பிரிக்கிற மதருக்கும் என் வணக்கம். பதினைந்து வருடமாக நான் எழுதுவதெல்லாம் மதர் கைக்குப் போய்த்தான் உனக்கு வருகிறது. அங்கே ஒரு வணக்கம்கூட வைக்காமல் போனால் மரியாதையாக இருக்காது.

போன திங்கட்கிழமை சாராவுக்குக் காய்ச்சல். மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று இடது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு இடது கால். கண் ஒரு பக்கமாகப் போய்விட்டது. ஏழு மாதக் குழந்தை அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு நிறுத்துவதற்குள் இருபத்தாறு நிமிடம் ஆகிவிட்டது. அங்கிருந்து கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. காய்ச்சலில் வலிப்பு வந்த குழந்தைகளின் மூளை எப்படி வளர்கிறது என்று ஐந்து வயது வரை பார்க்கிறார்கள். நாங்களும் சேர்ந்துவிட்டோம். அதைக் கவனிக்கிற தாஜுன்னிசா நல்ல பெண். ஒரு சிவப்பு நூல் பந்தை சாராவின் முகத்துக்கு நேரே ஆட்டினார். இவள் லபக்கென்று பிடித்து வாயில் போட்டுக்கொண்டாள். "அட, கெட்டிக்காரப் புள்ளைங்க" என்றார் தாஜுன்னிசா.

பிறகு ஒரு படிவம். "குடும்பத்துல ஆருக்காச்சும் சின்ன வயசுல வலிப்பு வந்திருக்குதுங்களா? அப்பா, அம்மா, மாமன், பெரியம்மா?" என்று கேட்டார். "இல்லைங்க" என்று சொல்லிவிட்டேன். பஸ் ஏறிய பிறகுதான் எனக்குக் கொடுமுடி ஞாபகம் வந்தது.

எனக்கு அப்போது ஐந்து வயது, உனக்குப் பதினொன்று. ஆற்றுப் படித்துறையில் நீ கிடந்தாய். உன் கை வெட்டி இழுத்ததாக எனக்கு ஒரு ஞாபகம். அப்பா துண்டால் உன் வாயைத் துடைத்தார். "பாசி வழுக்கி உழுந்துட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். எது சரி அக்கா? அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், உன்னை விட்டால் எனக்குக் கேட்க ஆளில்லை. அது வலிப்புதான் என்றால் படிவத்தைத் திருத்த வேண்டும்.

உன் அன்புத் தங்கை,
அமலி

மடம்
4 செப்டம்பர் 2023

அன்புள்ள அமலிக் கண்ணுக்கு,

சேசுவின் அமைதி உன் வீட்டில் தங்கட்டும். மாப்பிள்ளை நலமா? இந்த மாதம் எனக்குப் பூசையில் கொடுக்கிற அப்பமான ஓஸ்தி வெட்டுகிற வேலை. சாப்பாட்டு அறையில் வாசிக்கும் முறையும் இந்த வாரம் என்னுடையதுதான். மற்றவர்கள் பேசாமல் சாப்பிடுவார்கள், ஒருவர் நின்று புனிதர் வரலாறு வாசிக்க வேண்டும். வாசித்து முடித்து, மூடி வைத்திருக்கும் தட்டைத் திறந்து தனியாகச் சாப்பிடும்போது சாராவுக்காக ஜெபம் சொல்கிறேன்.

வரும் கடிதத்தை மதர் பிரித்துத் தருவதும், நாங்கள் எழுதுவதை ஒட்டாமல் அவர் மேசையில் வைப்பதும் இங்கே ஒழுங்கு. உனக்குத் தெரிந்ததுதான். எழுதும்போது நினைவில் வை.

கொடுமுடி பற்றிக் கேட்டிருந்தாய். அப்பா சொன்னதுதான் சரி. படியில் பாசி இருந்தது. எனக்கு அப்படி ஒரு நோயும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஐந்து வயதுக் கண்ணுக்கு எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

குழந்தைக்கு என் முத்தம்.

ஜெபத்தில் உன்னை மறவாத,
அக்கா

பெருந்துறை
19 அக்டோபர் 2023

இயேசுவுக்கே புகழ்.

அக்காவுக்கு அமலி. உன் கடிதம் வந்தது. மதருக்கும் என் வணக்கம்; குளிர்காலம் வருகிறது, அவரைக் காலில் சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொல்.

சாராவுக்கு இன்னும் மூன்று முறை வந்துவிட்டது. கடைசி முறை காய்ச்சலே இல்லை. வெந்நீர் ஊற்றிக் குளிக்க வைத்துக்கொண்டிருந்தேன், அப்படியே இழுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கை, எந்தக் கால், எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்க வேண்டும். பிள்ளை துடித்துக்கொண்டிருக்கும்போது மணி பார்க்கிற அம்மாவாக ஆகிவிட்டேன்.

டாக்டர் அருள்குமார் பொறுமையாகப் பேசுகிறவர். "காய்ச்சல் வலிப்பு முக்காவாசிப் புள்ளைங்களுக்கு அஞ்சு வயசுக்குள்ள தானாப் போயிருமுங்க. மூளைக்கு ஒண்ணும் ஆகாதுங்க. இவளுக்கு நீளமா வருது, ஒரு பக்கமா வருது, அதுதான் ரோசனையா இருக்குது. குடும்ப வழியா வர்ற குறையின்னா எனக்கு மருந்தே வேறங்க" என்றார். அதைக் கண்டுபிடிக்க இரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்புவார்களாம். குடும்பத்தில் வலிப்பு உள்ள பிள்ளைகளுக்கு முதலில், மற்றவர்களுக்கு முறை வரும்போது. "நல்லா ரோசிச்சுச் சொல்லுங்க, ஆருக்கும் இல்லீங்களா?" என்று மறுபடியும் கேட்டார்.

பையில் உன் கடிதம் இருந்தது. எடுத்துக் காட்டினேன். "எங்கக்கா கன்னியாஸ்திரிங்க. பொய் எழுத மாட்டாங்க" என்றேன். அவரும் சரி என்று தலையாட்டினார். தாஜுன்னிசா, 'பெரியம்மா' என்ற வரியில் 'இல்லை'யைச் சுற்றி வட்டம் போட்டார். இப்போது கொடுக்கிற சிரப் கேட்காவிட்டால் அடுத்த மாதம் வேறொரு மாத்திரை.

நல்ல செய்தியும் இருக்கிறது. சாரா தவழ்கிறாள். சிவப்புப் பந்தைப் பார்த்தால் "த்தா" என்கிறாள். கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

உன்
அமலி

மடம்
1 டிசம்பர் 2023

அன்புள்ள அமலிக்கு,

சேசுவின் அமைதி. ஆறு வாரமாகப் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு ஓஸ்தி நிறைய கேட்டிருக்கிறார்கள், கை ஒழியவில்லை.

மருந்து வேறு என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதிய இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

~~~~~~~~~~~~~~~~~~~~~~~~~~~~~~

மேலே அடித்திருக்கிற வரியைப் பார்க்காதே. பேனா சரியில்லை. அந்தப் புது மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்களா? கொஞ்சம் பொறுக்கச் சொல்ல முடியுமா?

நாளை மறுநாள் திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் வரை கடிதப் போக்குவரத்து இல்லை. சாராவுக்கு வெந்நீர் வேண்டாம் அம்மணி, வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

அக்கா

பெருந்துறை
27 டிசம்பர் 2023

கிறிஸ்து பிறப்பு வாழ்த்து, உனக்கும் மதருக்கும் மடத்தில் எல்லோருக்கும்.

அக்கா, நாங்கள் நலமாக இல்லை. மாத்திரையை நவம்பர் நடுவிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். அதற்கு முன் மாதம் இரண்டு, மூன்று. இப்போது வாரத்துக்கு நான்கு. நோட்டில் பக்கம் தீர்ந்து வேறு நோட்டு வாங்கி ஒட்டியிருக்கிறேன். மாத்திரை உடம்புக்குப் பழகும்வரை அப்படித்தான் இருக்குமோ என்று பார்க்கிறார்கள்.

"த்தா" நின்றுவிட்டது. பந்தை ஆட்டினால் பார்க்கிறாள், கை நீட்ட ரொம்ப நேரம் ஆகிறது. தவழ்ந்துகொண்டே இருப்பவள் பாதியில் நின்று எங்கேயோ பார்க்கிறாள்.

பொறுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தாயே, எதற்காகப் பொறுக்க வேண்டும்? காரணம் எழுதவில்லையே. நீ அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 'அப்பா' என்ற ஒரு வார்த்தைதான் தெரிந்தது. அப்பா என்ன, அக்கா? உன்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

அமலி

மடம்
20 ஜனவரி 2024

அன்புள்ள அமலிக் கண்ணு,

சேசுவின் அமைதி. உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு பார்வையாளர் நேரம். எப்படியாவது வா. உன்னிடம் நேரில் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, கடிதத்தில் எழுத முடியாது. துணைக்கு உட்காரும் சகோதரிக்குக் காது கொஞ்சம் மந்தம். மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

கட்டாயம் வா.

அக்கா

பெருந்துறை
10 பிப்ரவரி 2024

இயேசுவுக்கே புகழ்.

அக்கா, வந்தோம். மேட்டுப்பாளையம் வரை வந்தோம். மலை கண்ணுக்குத் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலேயே சாராவுக்கு வந்துவிட்டது, பதினெட்டு நிமிடம். அந்த நிலைமையில் மலைப்பாதையில் ஏற வின்ஸ்டன் சம்மதிக்கவில்லை. திரும்பிவிட்டோம்.

உங்கள் வாசல் போனில் கூப்பிடலாம். ஆனால் அங்கே இருக்கிற சகோதரி எதிரில் நின்றுதான் நீ பேச வேண்டும். கடிதத்தில் எழுத முடியாததை அவர் எதிரில் சொல்லிவிடவா போகிறாய்?

26ஆம் தேதி டாக்டர் மாத்திரையைக் கூட்டப் போகிறார். அதற்குள் எனக்குத் தெரிய வேண்டும். உனக்கு வலிப்பு இருந்ததா, இல்லையா? ஒரே வார்த்தை எழுது. நான் அக்காவைக் காட்டிக்கொடுக்கிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும். மதர் படித்தால் படிக்கட்டும்.

மதர், நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் உங்களுக்கு வணக்கம் எழுதியிருக்கிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன். என் அக்காவை ஒன்றும் சொல்லாதீர்கள். பதில் எழுத மட்டும் சொல்லுங்கள். என் பிள்ளை என் கண் முன்னால் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே போகிறாள்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்குள் வந்துவிடும்.

அமலி

மடம்
1 ஏப்ரல் 2024

அமலி,

தவக்காலத்தில் வரும் கடிதங்களை மதர் இழுப்பறையில் வைத்து ஈஸ்டர் திங்களன்றுதான் தருவார். உன் கடிதம் சாம்பல் புதன் மதியம் வந்திருக்கிறது. நாற்பத்தேழு நாள் அங்கேயே கிடந்தது. இன்று காலையில்தான் படித்தேன்.

ஆமாம். இருந்தது.

கொடுமுடியில் வந்தது முதல் முறை அல்ல. உன் சாரா வயதிலேயே காய்ச்சலோடு ஆரம்பித்ததாம். பதிமூன்று வயதுவரை வந்தது. ஈரோட்டு டாக்டர் கொடுத்த மாத்திரைகளை அம்மா ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் ஒளித்து வைத்துக் கொடுப்பார். அப்பாவை உனக்குத் தெரியும், அமிர்தநாதன் வாத்தியார் என்றால் ஊரே மரியாதை கொடுக்கும். அவர் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "பொட்டப்புள்ளைங்க ரெண்டு இருக்குது கண்ணு. வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் வாசப்படி மிதிக்க மாட்டான். உன்ர தங்கச்சிக்குக்கூடச் சொல்லிப்போடாத." நான் சொல்லவில்லை.

மடத்தில் சேரும்போது கொடுத்த தாளிலும் அந்தக் கேள்வி இருந்தது. வலிப்பு உண்டா? 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம். நீ கேட்டபோதும் அதே பயம். உனக்கு எழுதிய பதிலை நான் உனக்காக எழுதவில்லை, மதர் கண்ணுக்காக எழுதினேன். அதை நீ டாக்டரிடம் காட்டியிருக்கிறாய்.

காலையில் உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் படித்தும் ஏன் என்னைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்று அழுதேன். அவர் சொன்னார்: "நான் படிக்கலையே சிஸ்டர். முன்னால இருந்த மதர்தான் படிப்பாங்க. நான் வந்த ஒன்பது வருசமா ஒருத்தர் கடிதத்தையும் படிச்சதில்லை. உறையோட ஓரத்தைக் கத்தரிப்பேன், அவ்வளவுதான். வழக்கத்தை விடக்கூடாதேன்னு."

நீ எழுதிய வணக்கங்களை இன்றுதான் முதல்முறையாகக் கேட்டார். சாக்ஸ் போடச் சொன்னது வரைக்கும் சொன்னேன். அவரும் அழுதார். அவரே போனை எடுத்துக் கையில் கொடுத்தார். உன் போன் அணைந்திருந்தது.

உடனே டாக்டரிடம் சொல். இந்தக் கடிதத்தைக் காட்டு. சாரா எப்படி இருக்கிறாள்?

கரோலின்

மடம்
6 மே 2024

அன்புள்ள அமலிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எதிர்பார்க்க எனக்கு முகமும் இல்லை.

நேற்று தாஜுன்னிசா வந்தபோதுதான் என் கடிதம் உனக்குக் கிடைத்தது என்று தெரிந்தது. ஆராய்ச்சிக்காக என் இரத்தம் வேண்டும் என்றார். மதர் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஆனால் நான் பார்வையாளர்களையும் எங்களையும் பிரிக்கிற கம்பி அழிக்கு இந்தப் பக்கமிருந்தே கையை நீட்டினேன்.

படிவத்தில் பழைய வட்டத்தை அடித்துவிட்டு 'ஆமாம்' என்பதைச் சுற்றினார். எந்த வயதில், எத்தனை நிமிடம், எந்தக் கை என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் அதையெல்லாம் என்னிடம் சாதாரணமாகக் கேட்டார், நானும் சாதாரணமாகச் சொன்னேன். அத்தனை சுலபமாக இருந்தது.

சாராவைப் பற்றிக் கேட்டேன். "அவுங்கம்மா சொல்லுவாங்கம்மா" என்றார். பிறகு பையை மூடுவதற்கு ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அக்கா

பெருந்துறை
16 ஜூன் 2024

கரோலின் அக்காவுக்கு,

இருக்கிறோம். மூன்று பேரும் இருக்கிறோம்.

மாத்திரையைக் கூட்டிய இரண்டாம் நாள், பிப்ரவரி 28. காலையில் ஆரம்பித்தது, ஒரு மணி நேரம் பத்து நிமிடம் நிற்கவில்லை. பதினொரு நாள் ஐ.சி.யூ. என் போன் எங்கே போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

உன் கடிதத்தைக் காட்டியதும், குடும்ப வழியாக வருகிற குறை என்றால் அந்த மாத்திரையே வலிப்பைக் கூட்டும் என்று டாக்டர் அதை நிறுத்தினார், வேறு கொடுத்தார். எங்கள் இரண்டு பேர் இரத்தத்தையும் அந்த வாரமே அனுப்பினார்கள், உன்னுடையதைப் பிறகு. உன் இரத்தம், என் இரத்தம், சாராவின் இரத்தம், மூன்றிலும் ஒரே குறை. உனக்கு வந்து போய்விட்டது. எனக்கு வரவே இல்லை, தூங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அவளுக்கு மொத்தமாக வந்து இறங்கியிருக்கிறது. நான்தான் கொடுத்திருக்கிறேன் அக்கா, அது உன் தப்பில்லை.

புது மருந்தில் வலிப்பு குறைந்துவிட்டது. மாதம் ஒன்று, அதுவும் சின்னதாக. எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஆகஸ்டிலேயே குறைந்திருக்கும் என்பதுதான் தாங்கவில்லை. டாக்டரிடம் நேராகவே கேட்டேன். "தெரிஞ்சிருந்தா அந்த மாத்திரைக்குப் போயிருக்க மாட்டனுங்க. ஆனா போகாம இருந்திருந்தாலும் இப்படி ஆயிருக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க" என்றார். அந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் நான் குடியிருக்கிறேன்.

போன வாரம் பதினேழு மாதப் பரிசோதனை. அவள் இப்போது உட்காருவதில்லை. தாஜுன்னிசா மடியில் சாய்த்து வைத்து சிவப்புப் பந்தை முகத்துக்கு நேரே ஆட்டினார். விதிப்படி மூன்று முறைதான் ஆட்ட வேண்டும். மூன்று முறையும் சாரா திரும்பவில்லை. தாஜுன்னிசா நான்காம் முறையும் ஆட்டினார். ஐந்தாம் முறையும் ஆட்டினார். அதை எழுதப் படிவத்தில் இடமில்லை. பிறகு பந்தை என் கையில் கொடுத்து, "ஊட்டுல வெச்சு ஆட்டிப் பாருங்கக்கா" என்றார். ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் கோபம் இருக்கிறது. எவ்வளவு என்று உனக்குச் சொல்லிப் புரியாது. ஐ.சி.யூ வாசலில் உட்கார்ந்து, யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் என்று தோன்றியபோதெல்லாம் உன் முகம்தான் வந்தது. அதற்கு இன்னும் கோபம்.

ஒன்று கேட்கிறேன், செய். இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. மதருக்கு இந்த முறை வணக்கமும் எழுதவில்லை, முழுக்கப் படிக்கட்டும். அடுத்து உன் வாசிப்பு முறை வரும்போது, சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் நின்று இதை வாசி. சாராவுக்கு வலிப்பு, அவளுடைய பெரியம்மாவுக்கும் இருந்தது. இது உன் வாயால் அவர்கள் காதில் விழ வேண்டும்.

அமலி

மடம்
30 ஜூன் 2024

அமலி,

மதர் படித்தார். வாசிக்கச் சொன்னார்.

இன்று மதியம் வாசித்தேன். இருபத்தொரு பேர் இருந்தார்கள். உன் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை, பந்து வருகிற இடத்தில் ஒருமுறை நிறுத்தி, பிறகு வாசித்தேன். முடித்துவிட்டு, "அந்தப் பெரியம்மா நான்தான். சேரும்போது மறைத்தேன்" என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சகோதரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அடுத்த தட்டுக்கு ஊற்றினார். யாரும் எழுந்து போகவில்லை. யாரும் என்னை ஒரு மாதிரி பார்க்கவில்லை. காது மந்தமான சகோதரி பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, குழந்தையின் பெயர் என்ன என்று மறுபடியும் கேட்டார். சாரா என்றேன். சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அவரவர் வேலைக்குப் போனார்கள். என் தட்டை எப்போதும்போல மூடி வைத்திருந்தார்கள். சோறு சூடாகத்தான் இருந்தது.

அவ்வளவுதான் அமலி. வேறொன்றும் நடக்கவில்லை. இதற்குத்தான் இத்தனை வருடம் நான் பயந்தேன்.

கரோலின்